இந்தத் தெருவைக் கட்டியது யார்?

லண்டனில் 150 ஆண்டு வயதான தெரு ஒன்றின் முனையில் நின்று பார்த்தால் ஐம்பது அறுபது வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். ஒரே உயரம், புகையேறி மங்கிய ஒரே மஞ்சள் செங்கல், ஒரே இடைவெளியில் வாசல், அதற்கு மேலே ஒரே அளவில் ஜன்னல். யாரோ ஒருவர் வரைபடம் போட்டு, ஒரே மூச்சில் கட்டி முடித்த தெரு என்றுதான் முதலில் தோன்றும். விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் எழுந்த பெரும்பாலான தெருக்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. அவற்றைக் கட்டியவர்கள் பலர். பெரும்பாலும் சிறு மேஸ்திரிகள், கடன் வாங்கி ஆளுக்கு நான்கு வீடு, ஆறு வீடு எழுப்பியவர்கள். அவர்களில் பலருக்கு அடுத்த மனையில் யார் கட்டப்போகிறார் என்பதுகூடத் தெரிந்திருக்காது. அப்படியிருந்தும் தெரு ஒரே முகத்தோடு நிற்கிறது என்றால், அந்த முகத்தைத் தந்தது ஒரு கலைஞனின் கற்பனை அல்ல. நிலக்குத்தகைப் பத்திரமும், கட்டடச் சட்டமும், கைக்குக் கிடைத்த பொருளும் சேர்ந்து அதைச் செய்தன. ஒரு தெருவின் கட்டட வரலாற்றை எழுத முனைகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூலிழை இதுதான்.

இதற்கான வலுவான சான்றை வரலாற்றாசிரியர் எச். ஜே. டயோஸ் தந்தார். தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதி எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்து அவர் 1961-இல் வெளியிட்ட நூல், நகர வரலாறு என்ற துறைக்கே அடித்தளம் போட்ட நூல்களில் ஒன்று. 1878 முதல் 1880 வரையிலான மூன்று ஆண்டுகளில் கேம்பர்வெல்லில் 5,670 வீடுகள் எழுந்தன. அவற்றைக் கட்டியவர்கள் 416 பேர் அல்லது நிறுவனங்கள். அந்த 416-இல் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூன்று ஆண்டுகளிலும் சேர்த்துக் கட்டியது ஆளுக்கு ஆறு வீடு, அல்லது அதற்கும் குறைவு. வீடு கட்டும் வேகம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை என்பதை மறக்கக் கூடாது. பெருமுதலாளிகள் வந்து குவிந்திருக்க வேண்டிய அந்த நேரத்திலும் தெருக்களை எழுப்பியது தச்சர், கொத்தனார், பூச்சுவேலைக்காரர் போன்ற சிறு ஆட்கள்தாம்.

ஆறு வீட்டுக்காரர் ஒருவருக்கு முதல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் குத்தகை முறை வருகிறது. நிலப்பிரபு தன் வயலை விற்பதில்லை. மனைகளாகப் பிரித்து, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவார். மேஸ்திரியோடு முதலில் ஓர் ஒப்பந்தம்: இத்தனை மாதத்துக்குள் இத்தனை வீடு, இன்ன உயரம், முகப்புக்கு இன்ன செங்கல், வீடொன்றுக்கு இத்தனைக்குக் குறையாத செலவு. வீடு எழும் ஆரம்ப மாதங்களுக்கு நிலவாடகை பெயரளவுக்கு மட்டும்: ஒரு மிளகு. ஆம், ஒரே ஒரு மிளகை வாடகையாகப் பத்திரத்தில் எழுதுவது அந்நாட்டு வழக்கம். ஏதோ ஒரு மதிப்பு கைமாறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பதால் வந்த ஏற்பாடு அது. சுவர் எழுந்து கூரை வேய்ந்ததும் அந்த வீட்டுக்குக் குத்தகைப் பத்திரம் கைக்கு வரும். அந்தப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, உள்வேலையை முடித்து, குத்தகை உரிமையை ஒரு கடைக்காரருக்கோ, ஒரு விதவைக்கோ, ஓய்வுபெற்ற பாதிரியாருக்கோ விற்றுவிட்டு, வந்த பணத்தில் அடுத்த மனைக்கு நகர்வார் மேஸ்திரி. வாங்கியவர் அதில் குடியிருக்க மாட்டார், வாடகைக்கு விடுவார். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தன. ஆகவே நாம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நிலப்பிரபு, மேஸ்திரி, கடன் கொடுத்தவர், குத்தகை வாங்கியவர், குடியிருந்தவர் என்று குறைந்தது ஐந்து பேர் நிற்கிறார்கள். இவர்களில் 'கட்டியவர்' என்று ஒருவரை மட்டும் சுட்டுவது எளிதல்ல.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் காட்டுகிறது. இன்று கோடீசுவரர்கள் குடியிருக்கும் லாட்புரோக் பண்ணைநிலத்துக்கு 1823-இலேயே தாமஸ் அலசன் என்ற கட்டடக் கலைஞர் பெரிய வட்டவடிவத் திட்டம் ஒன்றை வரைந்தார். 1825-இல் பணச்சந்தை சரிந்தது, திட்டம் முடங்கியது. 1837-இல் அதே குன்றைச் சுற்றி ஒரு குதிரைப் பந்தய மைதானம் வந்தது. களிமண் தரை குதிரைகளின் காலை வாரிவிட, நான்கே ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் இன்றைய வளைந்த தெருக்கள் பிறந்தன. 1850-களின் தொடக்கத்தில் சாமுவேல் வாக்கர் என்ற பாதிரியார் தன் பரம்பரைச் சொத்தை இங்கே கொண்டுவந்து கொட்டினார். 1852-இல் 2 விழுக்காடாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி 1853 முடிவதற்குள் 5 விழுக்காடானது. மறு ஆண்டே கிரிமியப் போர். கடனில் கட்டியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். கூரை போட்டும் போடாமலும், ஜன்னலில் கண்ணாடி இல்லாமலும் வீட்டுக் கூடுகள் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்தன. வாக்கர் தொடங்கிய சகல புனிதர்கள் தேவாலயம் 1855-இல் பாதியில் நின்றது. 'சகதியில் நிற்கும் சகல பாவிகள்' என்று அக்கம்பக்கத்தார் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு இந்தப் பகுதியை மீட்டதில் பெரும் பங்கு சார்லஸ் ஹென்றி பிளேக் என்பவருக்கு உண்டு. கல்கத்தாவில் அவுரித் தொழிலில் பணம் சேர்த்து ஊர் திரும்பியவர் அவர். 1864-இல் ரயில் வந்தது. வீடுகளுக்கு ஆள் வந்தார்கள். ஒரே தெருவில் 1852-இல் தொடங்கிய வீடும் 1865-இல் முடிந்த வீடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அவுரித் தோட்டங்களில் வங்காளத்து விவசாயிகள் பட்ட பாடும் அந்த வெள்ளை முகப்புகளின் கணக்கில் எங்கோ இருக்கிறது. கட்டட வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

இத்தனை கைகள் பட்டும் முகம் ஏன் ஒன்றாக இருக்கிறது? முதல் காரணம் சட்டம். 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான நினைவு அந்நகரின் கட்டட விதிகளில் இருநூறு ஆண்டுகள் கழித்தும் கனன்றுகொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவர் கூரையையும் தாண்டி மேலே எழும்ப வேண்டும். ஒரு வீட்டுத் தீ கூரை வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது. லண்டன் தெருக்களின் கூரைகளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் அந்தச் செங்கல் மேடுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் ஜன்னலின் மரச்சட்டத்தைச் செங்கல்லுக்குப் பின்னே மறைத்து வைக்கச் சொன்னது. 1894-இல் அந்த விதி தளர்ந்தது. ஆகவே மரச்சட்டம் மறைந்திருக்கிறதா, வெளியே தெரிகிறதா என்பதை வைத்தே லண்டன் வீடு ஒன்றின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். 1844-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டி போகும் புதுத் தெரு 40 அடிக்குக் குறையக் கூடாது என்றது. வட்டாரத்துக்கு ஒரு கட்டட ஆய்வாளரையும் நியமிக்கச் செய்தது. லண்டனுக்கு வெளியே 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், 1877-இல் அரசு வெளியிட்ட மாதிரி விதிகளும் வந்தன. இங்கிலாந்தின் வடக்கு நகரங்களில் ஒரே அகலத்தில் நேர்கோடாக ஓடும் தெருக்கள் அந்த விதிகளின் பிள்ளைகள்.

இரண்டாவது காரணம் பொருள். லண்டனின் மஞ்சள் செங்கல்லுக்கு ஒரு கதை உண்டு. தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய கென்ட் பகுதி மண்ணோடு சுண்ணாம்புக்கல் தூளையும், லண்டன் வீடுகளின் அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்ததையும் கலந்து அதை அறுத்தார்கள். சுண்ணாம்பு மஞ்சள் நிறம் தந்தது. சாம்பலில் மிச்சமிருந்த கரித்துகள் சூளையில் செங்கல்லை உள்ளிருந்தே வேகவைத்தது. பாய்மரப் படகுகள் செங்கல்லை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் போகும். திரும்பும்போது நகரத்தின் சாம்பலையும் குப்பையையும் ஏற்றி வரும். நகரம் கழித்த கழிவே சுவராகி நகரத்துக்குத் திரும்பியது. கூரைக்கு வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக்கல். ரயில்பாதைகள் விரிந்ததும் அது நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மரம் பால்டிக் கடலோர நாடுகளிலிருந்து வந்தது. வரிகள் நீங்கியதும் முகப்பில் தெரியும்: கண்ணாடி வரி 1845-இலும், செங்கல் வரி 1850-இலும், ஜன்னல் வரி 1851-இலும் ஒழிந்தன. அதற்கு முந்திய வீட்டு ஜன்னலில் சின்னச் சின்னக் கண்ணாடிகள். பிந்தியதில் கதவுக்கு இரண்டே பெரிய கண்ணாடி, போகப்போக ஒன்றே. கனத்த கண்ணாடியைத் தாங்க, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் கதவின் சட்டத்தில் கொம்புபோல ஒரு சிறு நீட்சியை விட்டார்கள். அந்தக் கொம்பைக் கண்டால் அந்த ஜன்னல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். ஜன்னல் மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் வீட்டின் வயதை அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஒற்றுமையின் நடுவே தையல்கள் தெரியும். அவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் இன்பம். வரிசையில் நான்காவது வீட்டுக்கும் ஐந்தாவது வீட்டுக்கும் நடுவே செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளாமல், மேலிருந்து கீழே நேர்கோடாகப் பிரிந்து நிற்கும். ஒரு மேஸ்திரியின் வேலை முடிந்து இன்னொருவரின் வேலை தொடங்கிய இடம் அது. அங்கிருந்து வாசல் வளைவின் பூவேலை மாறும். படியின் உயரம் ஒரு விரற்கடை மாறும். சில வீடுகளின் நெற்றியில் 'ஆல்பர்ட் டெரஸ்' என்பதுபோல ஒரு பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருக்கும். தெருவுக்கோ வேறு பெயர் இருக்கும். ஒவ்வொரு மேஸ்திரியும் தன் வரிசைக்குத் தனிப் பெயரும் தனி எண்ணும் வைத்தார். ஒரே தெருவில் மூன்று நான்கு ஒன்றாம் எண் வீடுகள் இருந்து தபால்காரரைத் திணறடித்தன. 1855-க்குப் பிறகு லண்டன் பெருநகர வாரியம் அந்தச் சிறு பெயர்களை நீக்கி, தெரு முழுவதற்கும் ஒரே பெயரும் தொடர் எண்ணும் தந்தது. இது தெரியாமல் 1861-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 'எண் 7' என்பதை இன்றைய 7-ஆம் எண் வீடு என்று எடுத்துக்கொண்டால் ஆய்வு முழுவதும் வேறொருவர் வீட்டைப் பற்றியதாகிவிடும்.

காகிதச் சான்றுகளும் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்பில், ஆள் குடியேறிய வீடு, காலி வீடு, கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்று தனித்தனியே குறித்தார்கள். 1871-இல் பாதித் தெரு கட்டுமானத்தில் இருந்தது என்று கண்டால் மீதிக் கதையை ஊகிக்கலாம். உள்ளூர் வரிப் பதிவேட்டில் ஒரு வீடு முதன்முதலாக வரி கட்டிய ஆண்டு கிடைக்கும். புது வீட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பொதுச் சாக்கடையோடு இணைக்க மேஸ்திரி கொடுத்த விண்ணப்பத்தில் அவர் பெயரும் தேதியும் வரைபடமும் கிடைக்கும். நான் அதிகம் நம்புவது இந்தச் சாக்கடை விண்ணப்பத்தைத்தான். கட்டியவரின் பெயரை வேறெந்த ஏடும் சொல்லாத இடத்தில் இது சொல்லும். 1894-இல் சி. ஆர். ஆஷ்பி தொடங்கி இன்றும் தொடரும் 'சர்வே ஆஃப் லண்டன்' தொகுதிகள் இப்படித்தான் மனைமனையாகப் பெயர்களைத் தேடி எழுதப்பட்டவை.

தெருக்களைக் கட்டியவர்கள் சிறு மேஸ்திரிகள் பலர் என்பதை மறுப்பவர்கள் பெரிய கட்டுமானக்காரர்களைக் காட்டுவார்கள். தாமஸ் க்யூபிட் இல்லையா? பெல்கிரேவியாவையும் பிம்லிகோவையும் எழுப்பிய அவர் தச்சரையும் கொத்தரையும் பூச்சுக்காரரையும் சம்பளத்துக்கு வைத்து ஒரே கூரையின் கீழ் நடத்தியவர்தானே? லிவர்பூலில் வேல்ஸ்காரரான ஓவன் எலியாஸும் அவர் மகன் வில்லியமும், குடிசன் பார்க் கால்பந்து மைதானத்தை ஒட்டிய தெருக்களுக்கு ஆக்ஸ்டன், வின்ஸ்லோ, ஈட்டன், நெஸ்டன் என்று வரிசையாகப் பெயர் வைத்து, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளில் தங்கள் பெயரையே எழுதிவிட்டுப் போகவில்லையா? உண்மை. இத்தகைய தெருக்களில் கட்டியவர் ஒருவரே. ஆனால் க்யூபிட்டின் பெயர் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணமே அவர் விதிவிலக்கு என்பது. கேம்பர்வெல் கணக்கிலும் பெரியவர்கள் இருந்தார்கள். பதினைந்து நிறுவனங்கள் மொத்த வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கட்டின. மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கட்டியவர்களின் பெயரில் தெரு இல்லை, சிலை இல்லை. அவர்களைத் தேடிப் போவது அதனாலேயே கூடுதல் அவசியம்.

இன்னொரு மறுப்பு பரவலானது, அதனால் ஆபத்தானதும்கூட: 'யார் கட்டினால் என்ன, அந்தக் காலத்து ஆட்கள் உறுதியாகக் கட்டினார்கள், அதனால்தான் நிற்கிறது.' வீட்டைத் திறந்து பார்த்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். முகப்பில் நல்ல செங்கல்லின் ஓர் அரைச்சுவர், அதற்குப் பின்னே மட்டமான செங்கல்; இரண்டையும் பிணைக்க வேண்டிய குறுக்குச் செங்கற்களைப் பாதியாக உடைத்து வெளியே தலை மட்டும் தெரியும்படி வைத்து, பணத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சரியான கட்டு. உள்ளே முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொடவே இல்லை. லண்டனின் களிமண் வறட்சியில் சுருங்கி மழையில் உப்பும். அதன் மேல் ஆழமில்லாத அடித்தளம். 1976-இன் கடும் வறட்சியில் இந்த வீடுகள் ஏராளமாக வெடிப்பு விட்டன. நின்றவை நின்றதற்குச் சுண்ணாம்புக் காரைக்கும் பங்குண்டு. சிறு அசைவுகளுக்கு அது இடம் கொடுக்கும். ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு வீட்டை அடுத்த வீடு தாங்கிப் பிடிப்பதும், நாலைந்து தலைமுறைகள் கைவிடாமல் செய்த பழுதுபார்ப்பும் இன்னும் பெரிய காரணங்கள். இன்னொன்று: மோசமாகக் கட்டிய வீடுகள் முன்பே இடிந்தும் இடிக்கப்பட்டும் போய்விட்டன, எஞ்சியவற்றை மட்டும் பார்த்துவிட்டு முன்னோரின் கைநேர்த்தியை அளப்பது சரியான அளவு அல்ல.

அப்படியானால் சட்டத்தைத்தான் கொண்டாட வேண்டுமா? அது தெருக்களைச் சலிப்பூட்டும் ஒரே அச்சில் வார்த்தது என்ற குறையில் நியாயம் உண்டு. ஏழைகளுக்கு அது போதவும் இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிக் கட்டிய வீடு, எதிர்பார்த்த குடும்பம் வராதபோது மாடிக்கொரு குடும்பம், அறைக்கொரு குடும்பம் என்று பிரிந்தது. நாட்டிங் ஹில்லின் போர்ட்லேண்ட் ரோட்டின் தெற்கு முனை வசதியானவர்களுடையது; செங்கல் சூளைகளும் பன்றிக் கொட்டில்களும் இருந்த பகுதியை ஒட்டிய வடக்கு முனை வறியவர்களுடையது. சார்லஸ் பூத் 1889 முதல் வெளியிட்ட வறுமை வரைபடங்களில் ஏழு நிறங்கள். செல்வர் தெருவுக்கு மஞ்சள், கடைசிப் படிக்குக் கறுப்பு. தெருவின் வாசலும் கூரையும் எப்படி இருந்தாலும், உள்ளே இருந்த வாழ்க்கையைச் சட்டம் சமன்படுத்தவில்லை. ஆனாலும் 40 அடி அகலமும், தீயைத் தடுக்கும் சுவரும், சாக்கடை இணைப்பும் இல்லாமல் அந்தச் சிறு மேஸ்திரிகளிடம் நகரத்தை ஒப்படைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்று பழைய பர்மிங்ஹாமில் இருக்கிறது: முதுகோடு முதுகு ஒட்டிய, பின்வாசலே இல்லாத வீடுகள், ஒரு முற்றத்துக்குச் சில கழிப்பறைகள். அவற்றில் ஒரே ஒரு முற்றத்தை மட்டும் இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டைப் பார்த்தபின் நான் சட்டத்தின் பக்கமே நிற்பேன்.

வீடுவீடாகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவது ஏட்டு ஆராய்ச்சிக்காக மட்டும் அல்ல. லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் வேல்ஸ்காரர்கள் கட்டிய தெருக்கள் சில உண்டு. ரிச்சர்ட் ஓவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் வகுத்தவை, பெயர்களும் வேல்ஸ் ஊர்களுடையவை. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1940-இல் பிறந்த மேட்ரின் தெருவும் அவற்றில் ஒன்று. 2002-இல் தொடங்கிய அரசின் வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் இவற்றை மொத்தமாக இடிக்கத் திட்டமிட்டு, குடியிருந்தோரை வெளியேற்றி, ஜன்னல்களை அடைத்து வைத்தார்கள். ஈரம் ஏறியவை, சிறியவை, எவருக்கும் வேண்டாதவை என்று தெரு முழுவதற்கும் ஒரே தீர்ப்பு. எதிர்த்தவர்கள் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் தனித்தனியே பார்க்கச் சொன்னார்கள். பொது விசாரணைக்குப் பிறகு 2015 ஜனவரியில் அமைச்சர் இடிப்புத் திட்டத்தை நிராகரித்தார். முதலில் வோலஸ் தெருவின் வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டின் பொதுச்சுவரைத் திறந்து ஒரே வீடாக்கினார்கள். இன்று அந்த வீடுகளில் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன.